தேடியது ஒன்று, கிடைத்தது ஒன்று

உதகமண்டலத்திற்குத் தென்மேற்கே, எமரால்டு அணைக்கு அருகில், இத்தலார் என்றொரு படுகர் ஊர் இருக்கிறது. ஒன்றோடொன்று ஒட்டி வரிசையாக எழுந்த வீடுகள், அவற்றைச் சூழ்ந்து தேயிலை, பள்ளங்களில் உருளைக்கிழங்கும் காரட்டும் விளையும் பாத்திகள், அவற்றுக்கும் அப்பால் மேகம் மூடியும் விலகியும் தோன்றும் குந்தா மலைகள். நீலகிரியில் இத்தகைய ஊர்கள் பல உண்டு. ஆயினும் ஒவ்வோர் ஊருக்கும் ஒரு கதை உண்டு. அந்தக் கதையைச் சொல்லும் முதியோரும் உண்டு.

இந்த ஊர்களில் உள்ள ஒரு பெரியவரிடம், “உங்கள் மக்கள் இம்மலைக்கு எப்பொழுது வந்தார்கள்?” என்று கேட்டுப் பாருங்கள். வடக்கே மைசூர்ச் சீமையிலிருந்து முன்னோர் வந்தது, காடு திருத்தியது, தோடரோடும் கோத்தரோடும் கொடுக்கல் வாங்கல் வைத்துக்கொண்டது, அட்டியும் கோயிலும் அமைந்தது என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டுவந்ததை அவர் சொல்லுவார். “எந்த ஆண்டு?” என்று மேலும் கேட்டால், அவர் சிரித்துவிட்டு, “அதெல்லாம் எழுதி வைத்தவர் யார்?” என்று திருப்பிக் கேட்பார்.

அந்தக் கேள்விக்கு விடை இருக்கிறது. எழுதி வைத்தவர் ஒருவர் உண்டு. அவர் படுகரும் அல்லர், தமிழரும் அல்லர். இத்தாலி நாட்டுக் காப்புவா நகரில் பிறந்த சேசு சபைக் குரு அவர். அவர் எழுதிய தாள் உதகையிலோ கோவையிலோ இல்லை. கடல் கடந்து இலண்டன் மாநகரின் ஆவணக் காப்பகம் ஒன்றில் உறங்கியது. வேடிக்கை என்னவெனில், அவர் படுகரைத் தேடியோ தோடரைத் தேடியோ மலையேறவில்லை. அவர் தேடிப் போனது நம்மவரை. அதாவது, காணாமற்போன கிறித்தவர்களை.

சங்கத்தில் எழுந்த ஒரு வதந்தி

கி.பி. 1599-ஆம் ஆண்டு ஜூன் திங்களில், கொச்சிக்கு அருகே உள்ள உதயம்பேரூரில் ஒரு சங்கம் கூடியது. கோவாவின் பேராயர் மெனேசிஸ் அதைக் கூட்டினார். மலையாள நாட்டுத் தோமையார் கிறித்தவர்களை உரோமையின் ஆளுகைக்குள் முழுமையாகக் கொண்டுவருவதே அவரது நோக்கம். அந்தச் சங்கத்தின் நற்பயன்களைப் பற்றியும், அது விளைவித்த ஆறாத காயங்களைப் பற்றியும் கேரளத் திருச்சபை இன்றளவும் பேசிக்கொண்டிருக்கிறது. அது வேறு கதை. நமக்கு வேண்டியது அச்சங்கத்தின் தீர்மானங்களுக்கிடையே வரும் ஒரு சிறு பகுதி மட்டுமே.

கோழிக்கோட்டுச் சாமூத்திரி மன்னரின் நாட்டு எல்லையில் ‘தோடமலை’ என்றொரு நாடு இருப்பதாகவும், அங்குச் சில ஊர்களில் பண்டு தோமையார் திருக்கூட்டத்தைச் சேர்ந்திருந்த மக்கள் வாழ்வதாகவும், குருக்களும் ஆலயமும் இன்மையால் பெயரளவிலே கிறித்தவர்களாக அவர்கள் எஞ்சியிருப்பதாகவும் சங்கத்திற்குச் செய்தி எட்டியது. அவர்களைத் தேடிக் குருக்களை அனுப்ப வேண்டும் என்று சங்கம் முடிவு செய்தது.

இந்த வதந்தி எங்கிருந்து பிறந்தது? மலையடிவாரத்துச் சந்தைக்கு வந்து போன வணிகர் யாரேனும் நீண்ட தாடியும் போர்வையுமாகத் தோன்றும் தோடரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். கேட்டவர் தம் ஆவலையும் சேர்த்து அதை வளர்த்திருக்கலாம். தொலைவில் தெரியும் மலைமேல் நம் உறவினர் இருக்கின்றனர் என்று நம்புவது மனித மனத்திற்கு இனிமையானதுதானே.

சங்கத்தின் முடிவு ஏட்டோடு நின்றுவிடவில்லை. அங்கமாலியின் ஆயராகிய சேசு சபையினர் பிரான்சிஸ் ரோஸ் 1602-ஆம் ஆண்டில் ஒரு குருவையும் ஒரு தியாக்கோனையும் மலைக்கு அனுப்பினார். அவர்கள் கொண்டுவந்த செய்தியால் ஐயம் முற்றும் தீரவில்லை போலும். மறு ஆண்டு, மலையாள நாட்டின் மொழியும் வழக்கமும் நன்கறிந்த ஒருவரைத் தேர்ந்தெடுத்து அனுப்பினர். அவரே அருள்தந்தை ஜாக்கோமோ பெனிசியோ.

மலையேறிய தந்தை

இவர் யார் என்பதை அறிந்துகொள்ள அர்த்துங்கல் கடற்கரைக்குப் போக வேண்டும். ஆலப்புழைக்கு வடக்கே உள்ள அவ்வூரின் புனித அந்திரேயா ஆலயத்தில் பல ஆண்டுகள் பங்குத் தந்தையாக இருந்தவர் இவர். மக்கள் இவரை ‘வெளுத்தச்சன்’ என்று அன்போடு அழைத்தனர். ‘வெள்ளைத் தந்தை’ என்பது பொருள். சபரிமலைக்குச் சென்று திரும்பும் ஐயப்ப பக்தர்கள் அர்த்துங்கல் ஆலயத்திற்கு வந்து மாலையைக் கழற்றும் வழக்கம் இன்றும் இருக்கிறது. வெளுத்தச்சனும் ஐயப்பனும் நண்பர்களாக இருந்தனர் என்று சொல்லும் நாட்டார் மரபும் உண்டு. பிற சமயத்தார் நெஞ்சிலும் இடம்பிடித்த குரு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

1603-ஆம் ஆண்டின் தொடக்க மாதங்களில் தந்தை பெனிசியோ துணைக்குச் சிலரோடு புறப்பட்டார். மன்னார்க்காடு வழியாக மலையேறினார். இன்று பேருந்தில் கொண்டை ஊசி வளைவுகளை எண்ணிக்கொண்டு ஏறும் நமக்கு அந்தப் பயணத்தின் கடுமை விளங்காது. சாலை இல்லை, சத்திரம் இல்லை. யானையும் அட்டையும் உள்ள காட்டு வழி. கடற்கரையில் பழகிய உடலுக்கு மலையின் குளிர். இவற்றையெல்லாம் தாங்கி அவர் மேலே சென்றது எதற்காக? தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப் போன ஆயனின் உவமை நமக்கெல்லாம் தெரியும். அந்த ஆயனைப் போன்றதே இவருடைய மனமும்.

மேலே அவர் முதலில் கண்டது ஒரு படுகர் ஊர். பின்னர்த் தோடரைச் சந்தித்தார். அவர்கள் உழுவதுமில்லை, விதைப்பதுமில்லை. எருமைகளை மேய்த்துப் பாலும் நெய்யுமாக வாழ்பவர்கள் என்பதைக் கண்டார். மணி கட்டிய எருமைக்கு அவர்கள் காட்டும் வணக்கத்தையும், அதைப் பேணி விரதம் காத்து வாழும் பால்மடத்துப் பூசாரியையும் கண்டார். அவர்களிடம் உரையாடினார், தம் சமயத்தைப் பற்றிச் சொன்னார். தோடப் பெண்களுக்கு முகம் பார்க்கும் கண்ணாடிகளையும் நூற்கண்டுகளையும் கொடுத்தார், அவர்கள் மகிழ்ந்தனர்.

ஆனால் தேடி வந்ததை அவர் காணவில்லை. சிலுவை இல்லை, செபம் இல்லை, தோமையாரின் நினைவு இல்லை. மலையிறங்கிய அவர், 1603 ஏப்ரல் முதல் நாளன்று கோழிக்கோட்டிலிருந்து தம் சபைத் தலைவருக்குப் போர்த்துக்கீசிய மொழியில் ஒரு நீண்ட கடிதம் எழுதினார். கண்டதைக் கண்டபடி எழுதினார். அவர் கண்டது வேறொரு மக்களை.

அதன் பின்னர் நீலகிரியில் மறைத்தளம் எதுவும் எழவில்லை. இதற்கு மூன்று ஆண்டுகளுக்குப் பின், 1606-இல், அவருடைய நாட்டவரும் சபையினருமான இராபர்ட் தெ நொபிலி மதுரைக்கு வந்தார். தத்துவ போதகரின் புகழ் எங்கும் பரவியது. தோடமலைப் பயணமோ தோல்வியுற்ற முயற்சிகளின் கணக்கில் சேர்ந்து மறக்கப்பட்டது.

தாள் விழித்த கதை

தந்தை பெனிசியோ இன்னொன்றும் எழுதினார். மலையாள நாட்டில் வாழ்ந்த ஆண்டுகளில் இந்து சமயக் கதைகளையும் வழிபாடுகளையும் கேட்டறிந்து, ஏறத்தாழ 1609-ஆம் ஆண்டளவில் ஒரு பெருநூலாக அவற்றைத் தொகுத்தார். அவற்றை மறுத்துரைப்பதே அவர் நோக்கம். அக்காலத்து மறைப்பணியாளரின் மனப்பான்மை அதில் இருக்கிறது. அதை மறைக்க வேண்டியதில்லை. எனினும் மறுப்பதற்கு முன் கேட்க வேண்டும் என்ற பொறுமையும் அதில் இருக்கிறது. அந்நூல் அவர் வாழ்நாளில் அச்சேறவில்லை. அவர் 1632-இல் இறந்தார்.

கையெழுத்துப் படி கைமாறியது. யாழ்ப்பாணத்தில் டச்சு மதபோதகராக இருந்த பிலிப்பஸ் பால்தேயுஸ் என்பவர் 1672-இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில், இந்தியரின் தெய்வங்களைப் பற்றிய பகுதிக்கு இதையே பெரிதும் எடுத்தாண்டார். எழுதியவர் பெயரைச் சொல்லவில்லை. பின்னர் ஒரு படி, பழம்பொருள் சேகரித்த மருத்துவர் ஹான்ஸ் சுலோனின் கைக்கு வந்தது. அவர் 1753-இல் இறந்தபோது விட்டுச் சென்ற சேகரிப்பைக் கொண்டே பிரிட்டிஷ் அருங்காட்சியகம் உருவானது. அங்கே சுலோன் வரிசையில் 1820 என்ற எண்ணோடு அது அடுக்கில் ஏறியது. எழுதியவர் பெயர் இல்லாத அந்நூல் நம் வெளுத்தச்சனுடையது என்பதைச் சுவீடன் நாட்டு வடமொழி அறிஞர் யார்ல் சார்பெந்தியே நிறுவி, 1933-இல் உப்சாலாவில் பதிப்பித்தார். இறந்து 300 ஆண்டுகள் கழித்து அவர் பெயர் அவருக்குத் திரும்பக் கிடைத்தது.

தோடமலைக் கடிதத்தின் கதையும் இதைப் போன்றதே. அதன் படியும் அதே அருங்காட்சியகத்தின் போர்த்துக்கீசியக் கையெழுத்துகளிடையே இருந்தது. 1901-1902-இல் கேம்பிரிட்ஜ் அறிஞர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் நீலகிரிக்கு வந்து, தோடரோடு சில மாதங்கள் தங்கி ஆய்வு செய்தார். 1906-இல் அவர் வெளியிட்ட ‘தி தோடாஸ்’ என்னும் பெருநூலின் பின்னிணைப்பில் இக்கடிதத்தின் ஆங்கில மொழிபெயர்ப்பைச் சேர்த்தார். எழுதப்பட்டு 303 ஆண்டுகளுக்குப் பின், மறைப்பணியில் பயன்படாமற்போன அந்தத் தாள் ஆய்வுலகின் கைக்கு வந்தது.

அதன் மதிப்பு என்ன என்பதைச் சற்று எண்ணிப் பார்ப்போம். நீலகிரி மக்களைப் பற்றி அதற்கு முன் கிடைத்திருப்பவை மிகச் சில சொற்களே. 1117-ஆம் ஆண்டின் ஒய்சாளக் கல்வெட்டு ஒன்றில், விட்டுணுவர்த்தனின் தளபதி புணிசன் தோடரை அச்சுறுத்தி நீலமலையைக் கைப்பற்றியதாகச் செய்தி வருகிறது. அது வென்றவனின் பெருமைப் பேச்சு. தோற்றவர் எப்படி வாழ்ந்தனர் என்பதைக் கல் சொல்லவில்லை. நேரில் சென்று, கண்டு, பேசி, எழுதிய முதல் நீண்ட பதிவு 1603-இன் கடிதமே. ஆங்கிலேயரான நில அளவையாளர் கீஸ் மலையேறியது 1812-இல். கோவை மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன் வந்தது 1819-இல். நீலகிரியின் வரலாற்றைச் சல்லிவனிலிருந்து தொடங்குவது நம் பாடநூல்களின் வழக்கம். தந்தை பெனிசியோ அவருக்கு 216 ஆண்டுகள் முந்தியவர்.

படுகர் பற்றிய சான்று இன்னும் முக்கியமானது. 1565-இல் விசயநகரம் வீழ்ந்த பிறகு ஏற்பட்ட குழப்பத்தில் அவர்கள் மைசூர்ப் பகுதியிலிருந்து மலையேறியிருக்கலாம் என்று ஆய்வாளர் பலர் கருதுகின்றனர். அதனினும் மிகப் பழையவர்கள் என்று கூறுவோரும் உண்டு. எது எப்படியாயினும், 1603-இல் அவர்கள் மலைமேல் ஊர் அமைத்து வாழ்ந்துகொண்டிருந்தனர் என்பதில் இனி ஐயமில்லை. கடிதம் கூறுவது இத்தலாரையன்று. ஆயினும் இத்தலார்ப் பெரியவரின் வாய்மொழிக்குத் தேதியிட்ட ஒரு சாட்சி கிடைத்துவிட்டது. தங்களைப் பழங்குடியினராக ஏற்க வேண்டும் என்று படுகர்கள் அரசிடம் கோரிவரும் நாளில், தாங்கள் இம்மலையில் எத்துணைக் காலம் வாழ்ந்தவர்கள் என்ற கேள்வி அவர்களுக்கு வெறும் ஏட்டுக் கேள்வி அன்று என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

இங்கே வாசகர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். புனித சவேரியாரின் கடிதங்களிலும் ‘படகர்’ என்ற சொல் வருகிறது. 1544-இல் முத்துக்குளித்துறைப் பரதவ மக்களைத் தாக்கிச் சூறையாடிய படையினரை அவர் அப்பெயரால் குறிக்கிறார். அவர்கள் விசயநகரத்தைச் சார்ந்த வடுகப் படையினர். நீலகிரிப் படுகர் அல்லர். வடக்கிலிருந்து வந்தவர் என்னும் பொருளில் ஒரே சொல் இரு வேறு மக்களுக்கு வழங்கியிருக்கிறது. பழந்தாளைப் படிக்கும்போது பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு ஓடினால், உழுதுண்டு வாழும் மக்கள் தலையில் எவரோ செய்த கொள்ளையை ஏற்றிவிடுவோம். ஆவணம் உண்மை சொல்லும். ஆனால் அவசரப்படுவோருக்குச் சொல்லாது.

கண்ணாடியில் தெரிந்த முகம்

தந்தை பெனிசியோ தோடப் பெண்களுக்குக் கண்ணாடி கொடுத்தார் அல்லவா? அந்தக் கண்ணாடி நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

அவருக்குப் பின் 200 ஆண்டுகள் கழித்து மலையேறிய ஆங்கிலேயர் பலர், தோடரின் உயரத்தையும் தாடியையும் மூக்கையும் பார்த்து வியந்தனர். இவர்கள் இசுரயேலின் காணாமற்போன குலத்தார் என்றார் ஒருவர். பண்டை உரோமரின் வழிவந்தோர் என்றார் இன்னொருவர். சித்தியர் என்றார் மற்றொருவர். வந்தவர் ஒவ்வொருவரும் தாம் ஏற்கெனவே அறிந்திருந்த ஒரு கூட்டத்தின் சாயலையே தோடர் முகத்தில் கண்டனர். எதிரே நின்ற மனிதர் யார் என்று பார்க்கவில்லை. கண்ணாடியைப் பார்ப்பதுபோல் தம் முகத்தையே பார்த்தனர். தோடர் பேசும் மொழியோ தமிழுக்கும் மலையாளத்திற்கும் உறவான திராவிட மொழி. கால்டுவெல் 1856-இல் வெளியிட்ட ஒப்பிலக்கணத்திலேயே அதைத் திராவிட மொழிகளோடு சேர்த்தார். 1930-களில் எமனோ என்னும் அமெரிக்க அறிஞர் மலையில் தங்கி அதை விரிவாக ஆராய்ந்தார். தொலைவில் எங்கோ தேடிய உறவு பக்கத்திலேயே இருந்தது.

தந்தை பெனிசியோவுக்கும் அதே சோதனை இருந்தது. மற்றவர்களைவிட அவருக்கே அது பெரிது. ஒரு சங்கம் அவர்களைக் கிறித்தவர் என்று எழுதிவிட்டது. ஆயர் எதிர்பார்த்திருந்தார். மலையேறிய களைப்புக்கு ஒரு பயன் வேண்டும். தாடியில் ஒரு தோமையார் மரபையும், பால்மடத்தில் ஒரு பழைய ஆலயத்தையும், பூசாரியின் விரதத்தில் மறந்துபோன குருத்துவத்தையும் கண்டதாக அவர் எழுதியிருக்கலாம். மறுத்துச் சொல்ல அன்று எவரும் இல்லை. எழுதியிருந்தால் பாராட்டும் கிடைத்திருக்கும்.

அவர் அப்படி எழுதவில்லை. அவர்களுடைய வழிபாட்டை அவர் ஏற்கவில்லை. தம் காலத்தின் கண்ணோட்டத்திலேயே அதைப் பார்த்தார். ஆனால் அவர்களை நம்மவர் என்று பொய்யாக உரிமை கொண்டாடவில்லை. தேடியது கிடைக்கவில்லை என்று எழுதுவதற்கு ஒரு நேர்மை வேண்டும். அந்த நேர்மையால்தான் அவருடைய கடிதம் 400 ஆண்டுகளுக்குப் பின்னும் நம்பத்தக்கதாக நிற்கிறது. அவர் வெற்றி பெற்றதாகப் புனைந்திருந்தால், நமக்கு ஒரு கட்டுக்கதை மிஞ்சியிருக்கும். தோடருக்கும் படுகருக்கும் அவர்களுடைய பழைமையின் எழுத்துச் சான்று இல்லாமற் போயிருக்கும்.

அதே வேளையில் அந்தக் கடிதத்தின் மௌனத்தையும் நாம் கேட்க வேண்டும். கண்ணாடி பெற்ற பெண்கள் மகிழ்ந்தனர் என்று அவர் எழுதினார். தம் முகத்தைத் தெளிவாகப் பார்த்த அப்பெண்கள் ஒருவருக்கொருவர் என்ன சொல்லிக்கொண்டனர்? வெள்ளை முகத்தோடு வந்த மனிதரைப் பற்றி அன்றிரவு மந்துகளில் என்ன பேசினர்? கடிதத்தில் அது இல்லை. எழுதுகோல் ஒரு பக்கத்தில் மட்டுமே இருந்தது. தோடர் தம் வரலாற்றைப் பாட்டில் வைத்தனர். படுகர் கதைப்பாடலில் வைத்தனர். தாளையும் பாட்டையும் சேர்த்துக் கேட்பவனே வரலாற்றைக் கேட்பவன் ஆவான்.

நம் அலமாரியில் உள்ள காப்பகம்

இந்தக் கதையை நாம் இங்கே எடுத்துரைப்பதற்குக் காரணம் உண்டு. காப்பகம் என்றவுடன் இலண்டனும் உரோமையும் சென்னை எழும்பூரும் நம் நினைவுக்கு வருகின்றன. கோத்தகிரிக்கு அருகே கன்னேரிமுக்கில் சல்லிவன் கட்டிய பழைய மாளிகையில் நீலகிரி ஆவண மையம் இருப்பதையும், உதகையில் நூற்றாண்டு கடந்த நீலகிரி நூலகம் இருப்பதையும் சிலர் அறிவர். நம் பங்கு இல்லத்து அலமாரியும் ஒரு காப்பகமே என்பதை நம்மில் எத்தனை பேர் நினைத்துப் பார்க்கிறோம்?

திரிதெந்து பொதுச்சங்கம் 1563-இல் திருமணப் பதிவேடு வைக்கும்படி பங்குத் தந்தையர்க்குக் கட்டளையிட்டது. திருமுழுக்குப் பதிவேடும் அதனோடு சேர்ந்து திருச்சபை எங்கும் வழக்கமாயிற்று. 1614-இன் உரோமைச் சடங்கு நூல் இறந்தோர் பதிவேட்டையும் சேர்த்தது. இன்றைய திருச்சபைச் சட்டத்தின் 535-ஆம் எண், ஒவ்வொரு பங்கிலும் இப்பதிவேடுகள் இருக்க வேண்டும் என்றும், பழைய ஏடுகளைக் கவனமாகக் காக்க வேண்டும் என்றும் கூறுகிறது. 491-ஆம் எண், மறைமாவட்டத்தில் வரலாற்று ஆவணக் காப்பகம் அமைய வேண்டும் என்கிறது.

உதகை மறைமாவட்டம் 1955-இல் உருவானது. பின்னாளில் கர்தினாலாக உயர்ந்த அந்தோணி படியறை அதன் முதல் ஆயர். ஆனால் மலையில் கத்தோலிக்க மக்கள் அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேலாகவே வாழ்ந்தனர். சாலை போட வந்தவர்கள், வெலிங்டன் பாளையத்தில் பணிசெய்தவர்கள், சிங்கோனாவும் காப்பியும் தேயிலையும் நட வந்தவர்கள், 1899-இல் குன்னூரையும் 1908-இல் உதகையையும் எட்டிய இரயில் பாதைக்குக் கல் சுமந்தவர்கள் என்று பலர். இவர்களில் எவருக்கும் வரலாற்று நூலில் இடம் இல்லை. சல்லிவனுக்கு மாளிகை இருக்கிறது. கல் சுமந்த சூசைக்கு என்ன இருக்கிறது? திருமுழுக்கு ஏட்டில் ஒரு வரி இருக்கிறது.

அந்த ஒரு வரியைக் குறைவாக எண்ண வேண்டாம். பிள்ளையின் பெயர், பிறந்த நாள், தந்தை தாய், ஞானப் பெற்றோர், குருவின் கையொப்பம் எல்லாம் அதில் உண்டு. சில ஏடுகளில் சொந்த ஊரும் உண்டு. மறைப்பணியாளர் காலத்து ஏடுகள் பல இலத்தீனில் இருக்கும். சூசை அங்கே ‘யோசேப்புஸ்’ ஆகியிருப்பார், இராயப்பன் ‘பேத்ருஸ்’ ஆகியிருப்பார், அருளப்பன் ‘யோவான்னஸ்’ ஆகியிருப்பார். படிக்கத் தெரிந்தவர் அருகிருந்து படித்தால், மூன்று தலைமுறைக்கு முந்திய தாத்தா கொள்ளுப்பாட்டியர் எழுந்து வந்து நம்மோடு பேசுவர்.

ஒரு வரித் தாள் மனிதரின் வாழ்வையே தீர்மானிக்கும் என்பதை நீலகிரி மக்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. 1948-இல் இலங்கையில் வந்த குடியுரிமைச் சட்டம், தந்தைவழி முன்னோர் அந்நாட்டில் பிறந்ததற்குச் சான்று கேட்டது. தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்த மலையகத் தமிழரிடம் உழைப்பு இருந்தது, தாள் இல்லை. பல இலட்சம் பேர் நாடற்றவர் ஆயினர். 1964-இன் சிறிமாவோ-சாஸ்திரி உடன்படிக்கை 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று பிரித்தது. அவ்வாறு வந்தவர்களில் பலர் குடியேறியது இதே நீலகிரியில்தான். அவர்களுக்கு வேலை தருவதற்காகவே 1968-இல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் இங்கே தொடங்கியது. அவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இன்று நம் பங்குகளில் நம்மோடு திருப்பலியில் நிற்கின்றனர். பாட்டன் பிறந்ததற்கு ஒரு தாள் இல்லாமையால் கடல் கடக்க நேர்ந்தவர்களின் மக்கள், பதிவேட்டின் அருமையை நம்மைவிட நன்கு அறிவர்.

மழைக்கால ஈரமும், பூஞ்சையும், இராமபாணப் பூச்சியும் மலையில் குறைவில்லை. தாள் பழுத்து, மை வெளுத்து, தையல் விட்டுப்போன ஏடுகளைக் காப்பது எளிதன்று. அது குருக்களின் கடமை மட்டும் என்று நாம் ஒதுங்கிக்கொள்ளவும் இயலாது. பழைய ஏட்டை ஈரம் படாத இடத்தில் வைக்க உதவுவது, அதை நிழற்படமாக எடுத்துவைக்கப் பங்குப் பேரவையில் பேசுவது, இலத்தீனும் பழைய கையெழுத்தும் படிக்கத் தெரிந்த முதிய குரு ஒருவரிடம் இளைஞர் இருவரை உட்கார வைப்பது, பாட்டி சொல்லும் ஊர்க்கதையைத் தேதியோடு ஒரு குறிப்பேட்டில் எழுதுவது ஆகியவை பொதுநிலையினரும் செய்யக்கூடிய பணிகளே.

எழுதுவோருக்கும் ஒரு பாடம் இருக்கிறது. நம் பங்கின் வரலாற்றை விழா மலரில் எழுதும்போது, கேட்டதையெல்லாம் பெருமைக்காகச் சேர்த்துவிடுகிறோம். சிறிய ஆலயத்திற்கு ஆயிரம் ஆண்டுப் பழைமை சூட்டுகிறோம். தெரிந்ததைத் தெரிந்த அளவில் எழுதினால் போதும். பெருமை குறைந்தாலும் உண்மை நிற்கும். தோடமலையில் நம்மவரைக் காணோம் என்று எழுதிய ஒருவரின் சொல்லைத்தான் இன்று உலகம் நம்பிப் படிக்கிறது.

மாலையில் இத்தலார்ப் பக்கம் மேகம் இறங்கும்போது குந்தா மலைகள் மறைந்துவிடும். 1603-இல் அந்தத் திசையிலிருந்துதான் வெள்ளை அங்கி அணியாத ஒரு வெளுத்தச்சன் வந்திருக்க வேண்டும். காணாமற்போன ஆட்டைத் தேடி வந்தவர், வெறுங்கையோடு இறங்கினார் என்றே அவர் காலத்தவர் நினைத்திருப்பர். அவரும் அப்படியே நினைத்திருக்கலாம். அவர் கையில் இருந்தது இம்மலை மக்கள் வாழ்ந்ததற்கான சாட்சி. அது அவருக்காக எழுதப்பட்டதன்று, நமக்காகவும் அன்று, என்றோ ஒரு நாள், “எழுதி வைத்தவர் யார்?” என்று கேட்கப்போகும் ஒரு பெரியவருக்காக எழுதப்பட்டது.

நம் பங்கு அலமாரியில் உள்ள ஏட்டை நாளை யார் திறந்து எதைத் தேடுவார் என்று நமக்குத் தெரியாது. அவர் திறக்கும்போது அது அங்கே இருக்க வேண்டும்.